மாசிலாமணி அண்ணன் செத்துப்போகும் நேரங்கள்

சாலிகிராமத்தில் நாங்கள் குடியிருந்த லைட்மேன் சந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாசிலாமணி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து, மூக்கில் வைத்த பஞ்சை எடுத்துக் கீழே போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து, "பங்கஜம், ஒரு காப்பி கொடு, சர்க்கரை தூக்கலா" என்றார். பாடை கட்ட மூங்கில் வாங்கப் போனவன் அப்போதுதான் சந்துமுனை திரும்பிக்கொண்டிருந்தான். மேளக்காரர்கள் தோலைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்கிவந்த மூங்கிலை வீணாக்க வேண்டாமென்று அண்ணியே அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டாள். அந்தக் கொடியில்தான் பிற்பாடு நாங்கள் எல்லோருமே வேட்டி காயப்போட்டோம்.

மாசிலாமணி அண்ணனை உங்களுக்குப் பேர் சொன்னால் தெரியாது, முகத்தைக் காட்டினால் தெரியும். நாடகக் கம்பெனியிலிருந்து முப்பத்தோரு வயதில் சினிமாவுக்கு வந்தவரைத் தலையில் மாவைக் கொட்டி நரைக்கவைத்து, கதாநாயகன் எழில்வேந்தர் சந்திரசூடனுக்கு அப்பாவாகப் போட்டார்கள். மகனைவிட அப்பாவுக்கு ஏழு வயது குறைவு. அந்தப் படம் ஓடியது. ஓடியதால் அடுத்த படத்திலும் அவரே அப்பா, அடுத்ததிலும் அவரே, இப்படி நாற்பத்தோரு படம், நாற்பத்தொன்றிலும் சந்திரசூடனுக்கு அப்பாவாக வந்து நாற்பத்தொன்றிலும் செத்தார். அவர் செத்தால்தான் கதை நகரும். அவர் செத்தால்தான் மகன் பட்டணம் வருவான், வண்டி இழுப்பான், கண்ணீர்விட்டுப் பாடுவான், வில்லனைத் தேடுவான். இருமிச் சாவார், மாடிப்படியில் உருண்டு சாவார், கோர்ட்டில் தீர்ப்புக் கேட்டுச் சாவார். ஒரு சாவிலும் முக்கியமான சேதியைச் சொல்லி முடித்ததில்லை. "தம்பி... உன்னைப் பெத்தவ..." என்று ஆரம்பித்துத் தலையைச் சாய்த்துவிடுவார். மிச்சத்தை மகன் பதினாலு ரீல் அலைந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் தடவை எழுந்தபோது டாக்டர், மயக்கம் என்றார். இரண்டாம் தடவை, அபூர்வம் என்றார். மூன்றாம் தடவை சொல்லி அனுப்பியும் வரவில்லை. விஷயத்தைக் கண்டுபிடித்தது கண்ணையா. நாற்பது வருஷம் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து, ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் சந்து முழுவதையும் ஒரு ஷூட்டிங் யூனிட்டாக நினைத்து அதட்டிக்கொண்டிருந்த மனுஷன். அவர்தான் கவனித்தார்: பக்கத்து வீட்டு டிவியில் அண்ணன் மாடிப்படியில் உருளும்போது இங்கே இவர் கட்டிலிலிருந்து உருண்டார், அங்கே திரையில் 'சுபம்' என்று போட்டபோது இங்கே இவர் கண்ணைத் திறந்தார்.

"தியேட்டர்ல வருஷக்கணக்கா ஓடினப்ப ஏன்யா சாகலை?" என்று கேட்டார்கள்.

பங்கஜம் அண்ணிதான் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "தியேட்டர்ல அழுதாங்க. வீட்ல பூரி தின்னுக்கிட்டுல்ல பார்க்கறாங்க."

அதற்குமேல் சந்தில் யாரும் காரணம் கேட்கவில்லை. சினிமாக்காரர்களுக்குக் காரணம் எதற்கு, நேரம் தெரிந்தால் போதும். டிஷ் ஆண்டெனாக்கள் மொட்டைமாடி மொட்டைமாடியாக முளைத்து, பழைய படம் போடுவதற்கென்றே சேனல்கள் வந்து, அண்ணன் வாரத்துக்கு ஒரு சாவு என்பது போய் நாளுக்கு இரண்டு சாவு என்று ஆனபோது, கண்ணையா டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, பத்திரிகையைப் பார்த்துக் கால்ஷீட் எழுத ஆரம்பித்தார். 'மாசிலாமணி: காலை 11.20, இருமல், எழுவது 1.30. மாலை 4.05, கோர்ட்டு, எழுவது 5.00.' அதைப் பார்த்துத்தான் பால்காரன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினான், அதைப் பார்த்துத்தான் முடிவெட்டுகிறவர் வந்தார், செத்திருக்கும்போது வெட்டினால் தலையை ஆட்டமாட்டார் என்று. லைட்மேன்கள் வேலை முடிந்து வந்து ஜன்னலில் எட்டிப்பார்த்து, "நேத்திக்கு மாதிரி இல்லப்பா, இன்னைக்கு நல்லா செத்திருக்காரு" என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போனார்கள். விளம்பரம் போடும்போது மட்டும் நாலு நிமிஷம் கண் திறப்பார். அதற்குள் ஒரு வாய் சோறோ, ஒரு வாய் காப்பியோ. படம் திரும்ப ஆரம்பித்துவிட்டால், ஏற்கெனவே செத்தவர் என்பதால் இருமலும் கிடையாது, வசனமும் கிடையாது, டம்ளரைப் பிடித்த கை பிடித்தபடி அப்படியே நின்றுபோகும். அண்ணி டம்ளரை வாங்கி வைப்பாள்.

பெண்களுக்கு வேறு கவலை. அவர் செத்திருக்கும் நேரத்தில் பங்கஜம் பொட்டு வைக்கலாமா கூடாதா? எட்டுப்பேர் கூடி ஒரு மத்தியானம் முழுக்கப் பேசி, பொட்டு இருக்கலாம், பூ வேண்டாம், எழுந்தவுடன் பூ வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். அண்ணி அப்படியே செய்தாள். பூவைத் தண்ணீர் தெளித்த ஈரத்துணியில் சுற்றிக் கட்டில்காலருகே வைத்திருப்பாள். ஒருநாளைக்கு நான்கு தடவை எடுத்து, நான்கு தடவை வைத்து, அந்த மல்லிகை கறுத்தே போகும். ஒருதடவை நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு, உயிரோடு இருப்பதாக நேரில் வந்து காட்டச் சொன்னார்கள். வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே "தம்பி, நான் குற்றவாளி இல்லை" என்று சொல்லிச் சாய்ந்துவிட்டார். ஆபீசர் பார்த்துவிட்டு, 'நேரில் வந்தார், உயிரோடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேர்மையான மனுஷன்.

சந்தில் யாரும் காரணம் கேட்கவில்லை என்று சொன்னேன். எனக்குத் தெரியும். நான் அந்தப் படங்களில் கிளாப் பலகை அடித்தவன். சந்தில் இன்றைக்கும் என்னைக் 'கிளாப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள், சொந்தப் பெயர் எனக்கே பாதி மறந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் செத்துக்கிடக்கிற மாதிரி எடுத்தால், எடுத்து முடித்த கையோடு, அதே மாலையோடு அவரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச்சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். படத்தில் அது வராது. செத்தது பொய், இதோ இருக்கிறார் பார் என்று பிலிமுக்குச் சொல்வதற்காக எடுப்பது. அண்ணன் ஒவ்வொரு தடவையும் எழுந்து சிரித்தார். ஆனால் அது பிலிம் தட்டுப்பாடான காலம், எங்கள் முதலாளி கையை இறுக்கிப் பிடித்தவர். "சிரிப்புக்கெல்லாம் எதுக்குப்பா பிலிம்? வெறும் கேமராவை ஓட்டு, சத்தம் கேட்டாப் போதும்" என்பார். கேமரா கர்ரென்று ஓடும், உள்ளே ஒன்றும் இருக்காது. நான் முன்னால் நின்று ஒழுங்காகக் கிளாப் அடிப்பேன். அண்ணன் வெறும் பெட்டியைப் பார்த்து வாய்நிறையச் சிரிப்பார், நாற்பத்தோரு தடவை.

இதை நான் கண்ணையாவிடம் சொன்னபோது அவர் என்னை அடிக்க வந்தார், பிறகு கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு பையனைக் கூட்டிவந்தார். அண்ணனை மாலை போட்டு உட்காரவைத்து நாற்பத்தோரு தடவை சிரிக்கச் சொன்னோம். பதினைந்துக்குப் பிறகு அவருக்குத் தாடை வலித்தது, முப்பதுக்குப் பிறகு எதற்குச் சிரிக்கிறோம் என்று மறந்துபோனது, ஆனாலும் சொன்ன எண்ணிக்கையைச் சிரித்து முடித்தார். மறுநாள் பதினொன்று இருபதுக்குச் சரியாகச் செத்தார். ஒரே வித்தியாசம், அன்றிலிருந்து சாகும்போது முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் பலன்.

இப்படியே போயிருக்கலாம். எங்களுக்குப் பழகிவிட்டது, அவருக்கும் பழகிவிட்டது. ஆனால் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். சித்ரலேகா, அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயதில் பிறந்தவள். அப்பா திரையில் நாற்பத்தோரு தடவை 'மகனே' என்று சொல்லி முடித்து, வேலையெல்லாம் நின்றுபோன பிறகு, 'மகளே' என்று கூப்பிட வந்தவள். அவளுக்கு ஆரணியில் வரன் அமைந்தது. பையன் ஞானவேல் மின்சார வாரியத்தில் வேலை, பட்டு நூல்போல அமைதி. பையனின் அப்பா சபாபதி பட்டு நூல்போல இல்லை.

"உங்க சமாச்சாரம் எல்லாம் கேள்விப்பட்டேன்" என்றார் சபாபதி, பெண் பார்க்க வந்த அன்றே. "எனக்கு அதுல ஆட்சேபம் இல்லை. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வியாதி. ஆனா ஒண்ணு, சம்பந்தி. பொண்ணோட அப்பா உயிரோட இருக்கையில வேற ஒருத்தர் தாரைவார்த்தா எங்க வம்சத்துக்கு ஆகாது. நீங்கதான் வார்க்கணும். தாலி ஏறுற வரைக்கும் நீங்க இருக்கணும். நடுவுல போனீங்கன்னா தீட்டு. தீட்டுல கட்டின தாலி தாலியில்லை. அப்புறம் ஒரு வருஷம் ஆகணும், அதுவரைக்கும் என் பையன் காத்திருக்க மாட்டான்."

"காத்திருப்பேன்" என்றான் ஞானவேல்.

"நீ சும்மா இரு."

ஆகவே கண்ணையா பஞ்சாங்கத்தை ஒரு கையிலும் டிவி நிகழ்ச்சிநிரலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு முகூர்த்தம் பார்த்தார். இரண்டு தடவை வைத்து இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் சேனல்காரன் படத்தை மாற்றிப்போட்டதால் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவை ஒவ்வொரு சேனல் ஆபீசாக ஏறி இறங்கி, வைகாசி வளர்பிறையில் ஒரு புதன்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் மாசிலாமணி சாகிற படம் எங்கும் கிடையாது என்று எழுதியே வாங்கிவந்துவிட்டார். "மூணாவது தடவை தள்ளினா இந்தச் சம்பந்தம் முறிஞ்சதுன்னு வச்சுக்குங்க" என்று சபாபதி சொல்லியனுப்பியிருந்தார். லேகா மட்டும் அப்பா எழுந்திருக்கும் நேரமெல்லாம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இப்படிக் கையை நீட்டணும், இப்படி வைக்கணும் என்று தாரைவார்க்கப் பழக்கினாள். செத்துச்செத்து அவருக்கு விரல்கள் கொஞ்சம் விறைத்துப்போயிருந்தன.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து வடபழனி மண்டபத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, எழில்வேந்தர் சந்திரசூடன் காலமானார்.

கண்ணையா மண்டப ஆபீஸ் போனிலிருந்து ஒவ்வொரு சேனலாகக் கூப்பிட்டார். பக்கத்தில் நான் நின்றேன்.

"சார், நாளைக்கு ஒன்பதுலேர்ந்து பத்தரை, ஒண்ணரை மணி நேரம் மட்டும் அவர் படம் போடாம இருக்க முடியுமா?"

"யோவ், தமிழ்நாடே அழுதுக்கிட்டிருக்கு."

"இல்ல சார், அப்பாவா நடிச்சவரு..."

"நாளைக் காலையிலேர்ந்து மூணு நாளைக்கு அவர் படம்தான். விளம்பரம்கூடக் கிடையாது. அஞ்சலி. போனை வைய்யா."

ஐந்து சேனல், ஐந்து பதிலும் இதுதான். அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வார்?

புதன்கிழமை காலை அவர் நான்கு மணிக்கே குளித்து, பட்டுவேட்டி கட்டி, தானே சவரம் செய்துகொண்டு, மகளின் அறைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏழு பத்துக்கு முதல் சேனல் படத்தை ஆரம்பித்தது. ஏழரைக்கு அவர் இரும ஆரம்பித்தார். லேகா அலங்காரத்துக்கு நடுவில் எழுந்து ஓடிவந்து, "அப்பா, வேண்டாம்ப்பா, இன்னைக்கு மட்டும்" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே, "தம்பி... இந்த வீட்டுச் சாவி..." என்றார். அவள் தம்பி இல்லை என்பது அவருக்குத் தெரியும், கண்ணில் தெரிந்தது, ஆனால் வசனம் அதுதான். சாய்ந்துவிட்டார்.

மணமகள் அறையிலேயே பாய் விரித்துப் படுக்கவைத்தோம். எட்டரைக்குச் சபாபதி வந்து, "சம்பந்தி எங்கே?" என்றார்.

"மேக்கப்ல இருக்கார்" என்றார் கண்ணையா.

"எதுக்கு மேக்கப்?"

"பொண்ணோட அப்பா சார். முகம் பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?"

சமையல்கட்டில் ஒரு டிவி இருந்தது. அதைச் சுற்றித்தான் அன்றைக்கு எங்கள் உயிர். கண்ணையா சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றில் மாடிப்படி, ஒன்றில் கோர்ட்டு, ஒன்றில் பிணத்துக்கு மாலை போட்டு மகன் பாடிக்கொண்டிருந்தான். ஒரு படம் முடிந்து சுபம் விழும்போது மற்றொன்றில் அவர் செத்துக்கிடந்தார். சாம்பார் கிளறியவர், இலை நறுக்கியவர், தேங்காய் துருவிய பெண் எல்லோரும் திரையைப் பார்த்து விம்மி விம்மி அழுதார்கள், இத்தனை காலத்துக்குப் பிறகு. பத்தடி தள்ளி பாயில் கிடந்தவரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதரை ஆயிற்று. ஒன்பதே முக்கால் ஆயிற்று. ஐயர் மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்துவிட்டு, "பொண்ணோட தோப்பனார் வரலாமே" என்று மூன்றாவது தடவை குரல்கொடுத்தார். பங்கஜம் அண்ணி தலையில் பூ இல்லாமல், கையில் பூவோடு, மகளின் அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

பத்தே காலுக்கு எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டு மயானத்துக்குப் போயின. நேரடி ஒளிபரப்பு. சந்திரசூடனைச் சந்தனக்கட்டையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "என்ன மணி?"

"வாங்கப்பா" என்றாள் லேகா. "சீக்கிரம்."

சமையல்கட்டைத் தாண்டித்தான் மேடைக்குப் போகவேண்டும். தாண்டும்போது அவர் டிவியைப் பார்த்துவிட்டார். அந்தக் கூட்டம், அந்தச் சிதை, அந்த முகம். கால் நின்றுவிட்டது.

"யாரு அது? சூடனா?" என்றார். "எனக்கு நாற்பத்தோரு தடவை கொள்ளிவச்ச பிள்ளை. என்னைவிட்டு முன்னால போயிட்டானா? ஒரு நிமிஷம் இரும்மா. ஒரே ஒரு நிமிஷம், பார்த்துட்டு வந்துடறேன்."

"நிமிஷம் இல்லைப்பா" என்றாள் அவள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் அவர் கையை விடவில்லை. அவர் கழுத்தைத் திருப்பி டிவியைப் பார்த்துக்கொண்டே மேடைக்கு நடந்தார்.

மணையில் உட்காரவைத்தோம். முதுகு தாங்காது என்று அவருக்குப் பின்னால் நான் உட்கார்ந்து என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். சமையல்கட்டு வாசலில் டிவி தெரிகிற இடத்தில் கண்ணையா நின்றார், ஷூட்டிங்கில் நிற்பதுபோலக் கையைத் தூக்கிக்கொண்டு. கை மேலே இருக்கும்வரை சிதை எரிகிறது. ஐயர் இரண்டு குலத்திலும் மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். "கொஞ்சம் வேகமா, சாமி" என்றேன். "இதெல்லாம் வேகமாச் சொல்றதில்லே" என்றார் அவர். மாப்பிள்ளை கைமேல் லேகாவின் கை, லேகாவின் கைக்குக் கீழே தாங்கியபடி அண்ணனின் கை. அண்ணி சொம்பைச் சாய்த்தாள், பூ வைத்துக்கொண்டிருந்தாள் இப்போது. தண்ணீர் விழுந்தது. விறைத்த விரல்கள் பழக்கியபடியே சரியாக மடங்கின. "நல்லா இரும்மா" என்றார் அண்ணன். எந்தப் படத்திலும் இல்லாத வசனம், முழுசாகச் சொல்லி முடித்தார்.

ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் காட்டிவரச் சொன்னார். தட்டு சுற்றியது. கிழவிகள் ஒவ்வொருத்தியாகத் தொட்டு, கண்ணில் ஒற்றி, பக்கத்தில் கொடுத்தார்கள். நான் கண்ணையாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டு திரும்பி மேடைப்படி ஏறும்போது அவர் கை இறங்கியது.

என் நெஞ்சில் பாரம் ஏறியது. இருமல் இல்லை, வசனம் இல்லை, ஒன்றும் இல்லை. செத்தவர் விட்ட இடத்திலிருந்து செத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தபடி, முகத்தில் அந்த லேசான சிரிப்போடு. முன்னால் உட்கார்ந்திருந்த சபாபதி அதைப் பார்த்துப் பதிலுக்குச் சிரித்தார். லேகாவின் கை இன்னும் அவர் கையில் இருந்தது. அவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு தலையைத் திருப்பி, அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

நான் சபையில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். இரண்டாலும் அவரை எழுப்ப முடியாது. வெறும் கேமராவுக்குக் கிளாப் அடித்தபோது வாயைத் திறந்திருக்க வேண்டியவன் நான்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார் ஐயர். லேகா அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் தாழ்த்தினாள். தாலி ஏறியது. அட்சதை அவள்மேலும் விழுந்தது, அவர்மேலும் விழுந்தது, அவர் திறந்த கண்ணில்கூட ஒரு மஞ்சள் அரிசி ஒட்டியது. நான் பின்னாலிருந்து அவர் கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். போட்டோக்காரன் நன்றாக இருக்கிறது, இன்னொன்று என்றான். அந்தக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், அப்பா முகத்தில் என்ன சந்தோஷம் என்று.

மத்தியானத்துக்கு முன்னால் வேன் புறப்படும்வரை லேகா டிவி முன்னால் மாலையோடு உட்கார்ந்திருந்தாள், எல்லாப் படமும் ஒரே நேரத்தில் முடியாதா என்று. முடியவில்லை. ராகுகாலம் வருகிறது என்று கூட்டிப்போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு ஏழுமணிக்குக் கடைசிச் சேனல் கடைசிப் படத்துக்குச் சுபம் போட்டது. வீட்டுக் கட்டிலில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். பட்டுவேட்டி கசங்கியிருந்தது. அண்ணி காப்பியைக் கையில் கொடுத்தாள்.

"லேகா எங்கே?"

"ஆரணிக்குப் போயாச்சு. முந்தாநாளே."

அவர் காப்பியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "கையில தண்ணி விழுந்தது தெரியுது. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியலை." பிறகு என் பக்கம் திரும்பினார். "கிளாப்பு, நீதானே பின்னாடி இருந்தே. தாலி கட்டறப்ப நான் இருந்தேனா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். தாலிக்கு முன்னால் போனாரா பின்னால் போனாரா என்று அவளுக்கும் தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்தால் ஆனையைப் பறக்கவிடுகிற வாய் என்னுடையது, அன்றைக்கு அது வரவில்லை. இருந்தீங்க அண்ணே என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினேன், முகத்தில் கொஞ்சம் சந்தோஷத்தையும் வரவழைத்துக்கொண்டு.

நாற்பத்தோரு படத்தில் நடித்த மனுஷன் என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"ஒரே டேக்ல ஓகே, கிளாப்பு" என்றார்.